ஓவனில் வைத்த ஈயச் சொம்பு

கரோல் பாக்கில் கோவிந்தம்மாளைப் பிடித்தவர்கள் என்று யாரும் கிடையாது. அவள் சமையலைப் பிடித்தவர்கள் உண்டு. அதனால்தான் வேலைக்கு வைத்திருந்தார்கள்.

வயது நாற்பத்தேழு. சங்கராபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பத்தொன்பது வயதில் தில்லிக்கு வந்தவள். கட்டட வேலை பார்த்த கணவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, இந்தர்புரி குடிசைப்பகுதியில் ஒற்றை அறையில் தனியாகவே இருந்துவிட்டாள். முதல் பதினோரு வருஷம் அவள் எந்த வீட்டிலும் சமைக்கவில்லை. மற்றவர்கள் சமைத்ததைத் தேய்த்தாள். எந்தப் பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கும், எந்த வாணலியில் ஓரம் மட்டும் கருகி நடு வேகாமல் நிற்கும், எந்தப் பூச்சு இரண்டு மாதத்தில் உரிந்து பொரியலோடு வயிற்றுக்குள் போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தேய்த்துத் தேய்த்தே தெரிந்தது. பிறகு சமைக்கப் போனபோது அந்த ஞானத்தை அவள் யாரிடமும் பணிவாகச் சொன்னதில்லை. "இதுல வைக்காதீங்க, தீஞ்சு போவும்" என்று ஒருமுறை சொல்வாள். கேட்காவிட்டால் தீயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு தப்பு அவளும் செய்திருக்கிறாள். ராஜேந்தர் நகரில் மேதா என்ற இளம்பெண் வீட்டில் முதன்முதலாக ஓவனைக் கையாண்ட நாட்கள் அவை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை, சில்லென்று இருந்தபடியே, சூடாகிக் கிடந்த ஓவனுக்குள் தள்ளிவிட்டாள். உள்ளே பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். மேதா குளித்துவிட்டு வருவதற்குள் சில்லுகளைக் கூட்டிச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, "அந்தத் தட்டா? நான் பாக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டாள். குழம்புக் கறை படிந்த ஒரு சில்லு ஓவன் கதவின் இடுக்கிலிருந்து அன்று மாலையே மேதாவின் விரலைக் கிழித்தது. மேதா ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடைச்சதுக்காக இல்ல, நாளைலேர்ந்து வராதீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த "உடைச்சதுக்காக இல்ல" கோவிந்தம்மாளை நெடுநாள் குத்தியது. அதற்குப் பிறகு அவள் செய்ததைச் செய்தேன் என்பாள், செய்யாததைச் செய்யவில்லை என்பாள். இரண்டையும் ஒரே முரட்டுக் குரலில் சொல்வாள்.

கரோல் பாக்கில் இரண்டாவது மாடியில் இருந்த அனந்தலக்ஷ்மி மாமி வீட்டுக்கு அவள் முதலில் காய் நறுக்கத்தான் போனாள். மாமிக்கு எழுபத்து நான்கு வயது. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் ராமமூர்த்தி இறந்து ஆறு வருஷம். ஒரே மகன் அர்விந்த் குர்காவ்னில் இருந்தான். மெட்ரோவில் ஒன்றரை மணி நேரம். ஆனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்தால் அதிகம்.

சமையல் வேறு யாரும் தொடக்கூடாது என்பது மாமியின் சட்டம். முட்டிக்கால் ஆபரேஷன் ஆன பிறகு அந்தச் சட்டம் தளர்ந்தது. மனது தளரவில்லை. கோவிந்தம்மாளுக்கென்று ஒரு டம்ளரும் தட்டும் பால்கனியில், வாஷிங் மெஷினுக்கு மேல் தனியாக இருந்தன. அந்த வீட்டுச் சாம்பாரைக் கொதிக்க வைத்து இறக்குபவள் அவள். அவளுக்கென்று வைத்த டம்ளர் மட்டும் உள்ளே வரக்கூடாது. கோவிந்தம்மாள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று முதல் வாரமே முடிவு செய்து, நான்கு வருஷமும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"வெய்யில்ல வந்திருக்கே, ஜலம் குடியேன்" என்பாள் மாமி.

"எனக்குத் தாகமே எடுக்காது மாமி."

போன சித்திரையில் மாமி ஒருநாள் கேஸைத் திறந்து பற்றவைக்க மறந்து போனாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வாசனை வந்து கதவைத் தட்டினார்கள். அடுத்த ஞாயிறே அர்விந்த் ஆட்களோடு வந்து கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு, மேடையில் இரட்டை இண்டக்ஷன் அடுப்பும், அதற்குக் கீழே சுவரோடு பதித்த ஓவனும் வைத்துவிட்டுப் போனான். ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு சின்னக் கேமராவும் வைத்தான். அது பேசும். கோவிந்தம்மாள் தாளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மேலேயிருந்து, "கோவிந்தம்மா, ஆயில் ஜாஸ்தி, அம்மாக்குக் கொலஸ்ட்ரால்" என்று அர்விந்த்தின் குரல் வரும். முதல் தடவை அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டாவது தடவை கேமராவை நிமிர்ந்து பார்த்து, "வந்து ஊத்திட்டுப் போங்க" என்றாள்.

இண்டக்ஷன் வந்ததும் வீட்டுப் பாத்திரங்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. வெண்கலப் பானை சுடவில்லை. பித்தளை உருளி சுடவில்லை. அலுமினிய வாணலியை வைத்தால் அடுப்பு பீப் பீப்பென்று கத்திவிட்டு அணைந்தது. மாமியின் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் செட்டில்கூட இரண்டு மட்டும்தான் ஒத்துக்கொண்டன. மாமிக்கு இது அவமானமாகப் பட்டது. அடுப்பு வந்து வீட்டுக்காரியை வேலைக்கு வைத்துக்கொண்டது போல.

கோவிந்தம்மாளுக்குக் காரணம் தெரியும். காந்தம் ஒட்டுகிற அடிதான் இதில் சுடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அது திருப்பதிப் பெருமாள் படம் போட்ட காந்தம்.

"ஏண்டி! பெருமாளை எடுத்துப் பாத்திரத்துச் சூத்துல ஒட்டறியே, உனக்கு அறிவிருக்கா?"

"பெருமாள் ஒட்டுனா சுடும். ஒட்டலன்னா சுடாது. நான் என்னா பண்றது?"

"வேற காந்தமே கிடையாதா?"

"உங்க ஊட்ல இது ஒண்ணுதான் இருக்குது."

மாமி பிடுங்கிக்கொண்டுபோய் காந்தத்தை அலம்பி, பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கோவிந்தம்மாள் மறுநாள் மார்க்கெட்டில் ஒரு மொட்டைக் காந்தம் வாங்கி வந்து மீதிப் பாத்திரங்களையும் பிரித்து முடித்தாள். ஒட்டாதவற்றை மேல் அலமாரியில் ஏற்றினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமி அடிக்கடி வந்து தோசைக்கல்லைச் சின்ன அடுப்பிலிருந்து பெரிய அடுப்புக்கு மாற்றுவதும், பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றி வைப்பதுமாக இருந்தாள். அதனால் கீழ்த்தட்டின் முன்வரிசையில் வேண்டுமென்றே வார்ப்பிரும்பு வாணலியையும், அடி கனத்த பெரிய குக்கரையும் அடுக்கினாள். மாமியின் மணிக்கட்டால் அவற்றைத் தூக்க முடியாது. தூக்க முடியாமல் மாமி திரும்பிப் போவதை, வெங்காயம் நறுக்கியபடி, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை அவள் பின்னால் மறைக்கவில்லை.

மாமி தாங்காமல் போனது ஈயச் சொம்பு விஷயத்தில்தான். அரைச்சாண் உயரம்; மூங்கில் கூடை மாதிரி அகன்ற அடி; மாமனார் வீட்டிலிருந்து வந்தது. ரசத்தை அதில்தான் வைப்பாள். வேறெதில் வைத்தாலும் வாயில் வைக்க மாட்டாள். ஈயம் இளகிய உலோகம். ரசம் உள்ளே இருக்கும்வரை சின்னத் தீயில் தாங்கும். காலியாக நெருப்பில் வைத்தால் கண்ணெதிரே உட்கார்ந்துவிடும். இண்டக்ஷனில் அது வெறும் பொம்மை. கோவிந்தம்மாள் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசத்தைக் கொதிக்கவிட்டு, நுரை கட்டியதும் இறக்கிச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

"இது ரசமில்லை. வெந்நீர்" என்று மாமி தட்டை நகர்த்தினாள். "ஈயத்துல பொங்கணும். ஊத்தறதுக்குப் பேர் ரசமா?"

"அப்ப உங்க புள்ளைய அடுப்ப மாத்தச் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் வாய். உன்னை மாதிரி ஒருத்தி என் சமையலறையில நின்னுண்டு எனக்குப் பதில் சொல்லணும்னு என் தலையில எழுதியிருக்கு."

"என் தலையிலயும் அதேதான் எழுதியிருக்குது."

இப்படி எட்டு மாதம் ஓடியது.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலை. கோவிந்தம்மாள் வந்து கதவைத் திறந்ததுமே வீடு முழுக்கப் புளி கருகிய வாடை. அடுப்பு மேடை சுத்தமாக இருந்தது. ஓவன் கதவைத் திறந்தாள். உள்ளே கம்பித் தட்டிலிருந்து வெள்ளி நிறத்தில் கண்ணீர் போலச் சொட்டுகள் உறைந்து தொங்கின. ஓவனின் தரையில் ஒரு பளபளப்பான குட்டை. அதன்மேல் கறுத்துப்போன கறிவேப்பிலையும் மிளகும் அப்படியே ஒட்டிக்கிடந்தன. சொம்பின் அடிப்பாகம் மட்டும் கவிழ்ந்த காது மாதிரி ஒரு மூலையில் மிச்சமிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடுப்பில் சுடாத சொம்பை, ரசத்தோடு ஓவனுக்குள் வைத்திருக்கிறார்கள். ரசம் இருந்த மட்டம்வரை தாங்கியிருக்கும். மேலே காலியாக இருந்த கழுத்து முதலில் இளகிச் சரிந்திருக்கும். ரசம் வற்றியதும் மிச்சமும் போயிருக்கும். நேற்று பதினொன்றரைக்கு அவள் கிளம்பும்போது சொம்பு அலமாரியில் இருந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

மாமி கோலை ஊன்றிக்கொண்டு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு தொண்டையிலிருந்து ஒரு கேவல் கிளம்பி, அது அப்படியே கத்தலாக மாறியது.

"என்னடி பண்ணினே? என்ன பண்ணினே என் சொம்பை?"

"நான் எதுவும் பண்ணல."

"நாலு வருஷமா காத்துண்டிருந்தே. சொம்பு உன் கண்ணை உறுத்திண்டே இருந்தது."

"மாமி, நேத்து நான் வெண்டைக்காய் பொரியலும் மோர்க்குழம்பும் வச்சிட்டுப் போனேன். ரசமே வைக்கல. உள்ள பாருங்க, மிளகு கிடக்குது. நீங்கதான் வச்சிருக்கீங்க."

"நானா? எனக்கு இந்தப் பொட்டியை எப்படித் திருகறதுன்னே தெரியாது!"

அவள் பொய் சொல்லவில்லை என்பது கோவிந்தம்மாளுக்கு அந்த முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. மாமிக்கு உண்மையாகவே நினைவில்லை. ஆனால் அந்தப் பயம் ஒரு நிமிஷம்தான்.

"அடுத்தவா சொத்துன்னா உங்களுக்கெல்லாம் எரியும். அது உங்க ரத்தத்துலயே இருக்கு" என்றாள் மாமி.

கோவிந்தம்மாள் ஃப்ரிட்ஜுக்கு மேலே கையை நீட்டினாள். "அதோ உங்க புள்ள கண்ணு இருக்குதில்ல? அவருக்குப் போன் பண்ணுங்க. நேத்து மதியானம் யாரு இங்க நின்னதுன்னு அவரு பாத்துச் சொல்லட்டும். நான்னு சொன்னா, உங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

மாமி போன் செய்தாள். அர்விந்த், மீட்டிங்கில் இருப்பதாகவும் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் சொன்னான்.

அன்று மதியம் கோவிந்தம்மாள் அடுத்த வீட்டுக்குப் போகிற வழியில், புசா ரோடு ஓரத்தில், அவன் அவளுடைய போனுக்கே கூப்பிட்டான். பஸ் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"கோவிந்தம்மா, சுனோ, கேளுங்கோ. நான் ஃபுட்டேஜ் பாத்தேன்."

"சொல்லுங்க."

"அம்மாதான். மூணு மணிக்கு. நீங்க இல்லை." கொஞ்சம் நிறுத்தினான். "ஒரு ஹெல்ப் வேணும். அம்மாட்ட நீங்க பண்ணினதாவே சொல்லிடுங்கோ. தெரியாம வச்சுட்டேன்னு. நான் அம்மாவைக் கன்வின்ஸ் பண்ணி உங்களை வேலையிலேர்ந்து எடுக்காம பாத்துக்கறேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"டாக்டர் சொல்லியிருக்கார், மறதி விஷயத்தை முகத்துக்கு நேரா சொன்னா ஷாக் ஆயிடுவா. ஸிர்ஃப், ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன போயிடும்?"

"எனக்கு என்னா போவும்னு நீங்க சொல்றீங்களா?" கோவிந்தம்மாள் கத்தியதில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கு ஒரு மோதிரம் காணாமப் போவும். அதுவும் நான்தான்னு ஆவும். நான் சொல்ல மாட்டேன்."

"ப்ளீஸ், ஷௌட் பண்ணாதீங்கோ."

"நீங்க உண்மையச் சொல்லுங்க. நான் சத்தம் போட மாட்டேன்."

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அவள் போனபோது மாமி சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிக் கட்டி, ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி புடவை உடுத்தியிருந்தாள். கையில் போன். ஸ்பீக்கரைப் போட்டு, "சொல்லுடா அர்விந்த், அவளும் கேக்கட்டும்" என்றாள்.

"அம்மா, அன்னிக்கு வைஃபை போயிடுத்து. கேமரா ஆஃப். ஒண்ணும் ரெக்கார்ட் ஆகலை."

"கேட்டியா?" என்றாள் மாமி.

கோவிந்தம்மாள் போனைப் பார்த்துக் குனிந்தாள். "அர்விந்த் சார். நேத்து என்கிட்ட என்னா சொன்னீங்க?"

மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அம்மா, நான் அப்பறம் பண்றேன்" என்று துண்டித்தான்.

மாமியின் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் சுழித்தவளின் வெற்றி. "ஒத்துக்கோ. ஒத்துண்டுட்டு வேலையைப் பாரு. நான் ஒண்ணும் உன்னைத் துரத்தலை. உன் குழம்பு நன்னாதான் இருக்கு."

கோவிந்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். ஓவனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சூட்டைக் கூட்டிக் குறைக்க அதன் முகப்பிலிருந்த இரண்டு திருகு குமிழ்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். பிசுக்கு துடைப்பதற்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றுகிறவள் அவள்தான். எந்தக் கோணத்தில் இழுத்தால் வரும் என்று கைக்குத் தெரியும். அவை இருந்த இடத்தில் இரண்டு மெல்லிய கம்பி முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மாமியின் விரல்களால் அவற்றைத் திருப்பவே முடியாது.

"என்னடி பண்றே?"

"அன்னிக்குச் சொம்பு போச்சு. இன்னொரு நாளைக்கு உங்க புடவை பத்திக்கும். நான் நாளைலேர்ந்து வர மாட்டேன். இது என்கிட்ட இருக்கட்டும். வேணும்னா உங்க புள்ள வந்து வாங்கிக்கட்டும்."

"திருடி! திருடிண்டு போறாளே!" மாமி கோலைத் தரையில் ஓங்கி அடித்தாள். "போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

படியிறங்கும்போது பாதியில் ஒருமுறை நின்றாள். குடிசைப்பகுதிப் பெண்மேல் வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள். பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தியை, காணாமல் போன ஒரு கடிகாரத்துக்காக ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்திருந்தார்கள். கடிகாரம் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. அப்படியும் அவள் திரும்பி ஏறவில்லை. திருகுகளைத் துணிப்பையில், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டு ஈ-ரிக்ஷா ஏறினாள்.

மாமி போலீஸைக் கூப்பிடவில்லை. அதைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். டயரியை எடுத்து வைத்துக்கொண்டு, கரோல் பாக்கிலும் ராஜேந்தர் நகரிலும் தனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் வரிசையாகப் போன் செய்தாள். சனிக்கிழமைக்குள் கோவிந்தம்மாள் சமைத்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு வீடுகளும் போயின. ஒரு வீட்டில் உடம்பு சரியில்லை, வெளியில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. உள்ளே குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அர்விந்த் இந்தர்புரிக்கு வந்தான். சந்துக்குள் கார் நுழையாததால் வெளியே நிறுத்திவிட்டு, கால்வாய் ஓரமாக, மூக்கைச் சுளிக்காமலிருக்கப் பாடுபட்டபடி நடந்து வந்தான். கோவிந்தம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அந்த நாப்ஸ் குடுத்துடுங்கோ. இது தெஃப்ட், தெரியுமில்ல? நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணினா உங்களுக்குத்தான் ப்ராப்ளம்."

"பண்ணுங்க. அப்ப கேமராவ போலீஸ்காரங்க கேப்பாங்க. காட்டுவீங்களா?"

எதிர்க் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"உள்ள போய்ப் பேசலாமா?"

"உங்க ஊட்ல என் டம்ளருக்கே உள்ள இடமில்ல. இங்கியே சொல்லுங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க அந்த வீடியோவைப் பாக்கலை. அம்மா அதை வச்சுட்டு முன்னாடியே நின்னா. நாப்பது நிமிஷம். கண்ணாடி வழியா பாத்துண்டே. சொம்பு சரியறது, ரசம் வழியறது, எல்லாம் தெரியறது. அம்மா அணைக்கலை. எப்படி அணைக்கறதுன்னு தெரியாம கையை நீட்டி நீட்டி இழுத்துக்கறா. அப்பறம் கடைசில ஸ்விட்சைத் தேடி அணைச்சுட்டு, போய்ப் படுத்துண்டுட்டா."

கோவிந்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் போன்ல அலர்ட் வந்தது" என்றான். "சமையலறையில ஆள் நடமாட்டம்னு. மூணு தடவை. நான் பாக்கலை. தினம் வரும்னு விட்டுட்டேன். அம்மாட்ட உண்மையைச் சொன்னா, அப்ப நீ எங்கே இருந்தேன்னு கேப்பா."

"அதுக்கா என்னைத் திருடியாக்கினீங்க?"

"நான் அப்படிச் சொல்லலை."

"கேமரா ஆஃப்னு சொன்னீங்களே, அதுக்கு அதுதான் அர்த்தம். நான் எண்ணெய் ரெண்டு சொட்டுக் கூட ஊத்துனா உங்களுக்குத் தெரியும். உங்க அம்மா நெருப்பு முன்னாடி நாப்பது நிமிஷம் நின்னது தெரியாது. எனக்குக் கண்ணு வச்ச மாதிரி அவங்களுக்கு ஒரு ஆளு வச்சிருக்கலாமில்ல? நீங்களே வந்து இருந்திருக்கலாமில்ல?"

அவனுக்கு முகம் சிவந்தது. அழுகையா கோபமா என்று சொல்ல முடியாத சிவப்பு. "நீங்க ரொம்பப் பேசறீங்கோ" என்றான்.

"ஆமா. என் மூணு வீடும் போச்சு. பேசாம என்னா பண்றது?"

கடைசியில் அவள் உள்ளே போய்த் திருகுகளைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "மாட்டாதீங்க. அத மட்டும் கேளுங்க. அந்த ஓவனையே கழட்டிடுங்க. அவங்களுக்கு அது வேணாம். அப்புறம் அவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா நான் பண்ணேன்னு மட்டும் இனிமே எவங்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா நான் அந்த மாடிப்படியில வந்து உக்காருவேன்."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். வந்த வழியைவிட வேகமாகப் போனான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கோவிந்தம்மாள் எடுத்தாள்.

"அவன் சொல்றான், நான்தான் வச்சேனாம்." என்றாள் மாமி. "போன்ல படம் காட்டறான். ஒரு கிழவி முதுகு தெரியறது. நீல நைட்டி. நீல நைட்டி போட்டுண்டா நானாயிடுமா?"

அந்த நீல நைட்டியை வாரம் இரண்டு தடவை கோவிந்தம்மாள் பால்கனிக் கொடியில் பார்த்திருக்கிறாள்.

"நான் நம்பலை. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துண்டு என்னைப் பைத்தியம் ஆக்கப் பாக்கறேள். என் சொம்பை நீதான் உருக்கினே. சாகறவரைக்கும் அதைத்தான் சொல்வேன்."

ஒரு கணம் கோவிந்தம்மாளுக்கு, சரி மாமி, நான்தான் என்று சொல்லிவிடத் தோன்றியது. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அப்படி. ஆனால் பூட்டிய கதவுக்குள்ளே விசிலடித்த அந்தக் குக்கரும் அவள் காதில் இருந்தது.

"நீங்க நம்ப வேணாம் மாமி. நான் பண்ணல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஓவனைக் கழற்றினார்களா என்று அவளுக்குத் தெரியாது. தை மாதத்துக்குள் அர்விந்த் அம்மாவைக் குர்காவ்னுக்கு அழைத்துப் போய்விட்டான் என்றும், கரோல் பாக் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று என்றும் காய்காரன் சொன்னான். மாமி குர்காவ்னிலும் ஒரு வேலைக்காரியை நிற்கவிடவில்லையாம். கோவிந்தம்மாள் அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. மாமி போன் செய்த தமிழ் வீடு ஒன்றுகூட அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் அவள் கல்யாண வீடுகளில் காய் நறுக்கிக் காலம் தள்ளினாள்.

மாசியில் பட்டேல் நகரில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். நாற்பது பேருக்குச் சமைக்க வேண்டும். நடத்துகிறவள் ஒரு பஞ்சாபி அம்மாள். பெரிய உடம்பு, பெரிய குரல். முந்தின வீட்டை ஏன் விட்டாய் என்று இந்தியில் கேட்டாள். கோவிந்தம்மாள் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். சொம்பு, கேமரா, கழற்றிக்கொண்டு வந்த திருகுகள், எல்லாவற்றையும்.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் வீட்டிலும் இப்படி எதையாவது பிடுங்கிக்கொண்டு போவாயா?"

"நான் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் போவேன்."

"வாய் நீளம்தான். பதினைந்து நாள் பார்ப்பேன். பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவேன்."

"எனக்குப் பிடிக்காவிட்டால் நானே போய்விடுவேன்."

அந்த அம்மாளுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பகல் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. சமையலறைக் கதவைத் தள்ளிக் காட்டினாள். வரிசையாக நான்கு பெரிய கேஸ் அடுப்புகள். சுவரோரம் அண்டா, தேக்சா, குழிக்கரண்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"ராஜ்மாவும் சாம்பாரும் வேண்டும். எதில் வைக்கப் போகிறாய்?"

கோவிந்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். "ராஜ்மா அந்த அலுமினிய அண்டாவில். சாம்பாரை அதில் வைக்க மாட்டேன். புளி ஊற்றினால் அலுமினியத்தை அரித்துவிடும். எவர்சில்வர் தேக்சா ஒன்று வேண்டும். இல்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், போய்விடுகிறேன்."

"இருக்கிறது, இருக்கிறது" என்று அந்த அம்மாள் எரிச்சலோடு சொல்லிவிட்டு, ஸ்டோர் ரூம் சாவியைத் தேடப் போனாள்.